மழைக்காலத்தில் விரிந்த பித்தளை

ரொம்ப நாளாச்சு எழுதி. ஆபீஸ் வேலை, பையனோட பரீட்சை, வீடு மாத்தினதுன்னு தள்ளிக்கிட்டே போயிடுச்சு. இப்போ எழுத வச்சது, பரண்ல இருந்து இறங்கின ஒரு பித்தளைக் குடம். ஆனா கதை துப்பாக்கித் தோட்டாவுல ஆரம்பிக்குது. கொஞ்சம் பொறுமையா வாங்க :-)

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது, சுடும் பயிற்சி முடிந்ததும் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. தரையில் சிதறிக் கிடக்கும் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணி ஒப்படைக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் புல்லுக்குள்ள தேடிக்கிட்டே இருக்கணும். சுட்டு முடிச்ச துண்டுப் பித்தளைக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னு அப்போ புரியலை.

விஷயம் இதுதான். சுடும்போது தீர்ந்து போறது குண்டும், மருந்தும், அடியில் இருக்கும் பொறிமூடியும். கூடு அப்படியே மிச்சம். நாங்க சுட்ட .22 ரகத்தில் பொறிமருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கும். அதை மறுபடி நிரப்ப முடியாது. பெரிய தோட்டாக்களில் பொறிமூடி தனி. தட்டி எடுத்துட்டு புதுசு வைக்கலாம்.

1857-ல் நம்ம நாட்டையே உலுக்கின தோட்டா காகிதத்தில் சுற்றியது. அடுத்த பத்து வருஷத்துக்குள் பித்தளை வந்துவிட்டது. இங்கிலாந்தில் எட்வர்ட் பாக்ஸர் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிக் கூடு செய்தார். அமெரிக்காவில் ஹைரம் பெர்டன் இன்னொரு விதமான பொறிமூடியைக் கொண்டுவந்தார். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவாக ஒரே ஓட்டை. உள்ளேயிருந்து ஒரு ஊசியால் தள்ளினால் பழைய மூடி வெளியே வந்துடும். பெர்டன் முறையில் ஓரமாக இரண்டு சின்ன ஓட்டைகள், எடுப்பது சிரமம். வேடிக்கை என்னன்னா, ஆங்கிலேயர் முறை அமெரிக்காவில் ஊன்றியது, அமெரிக்கர் முறை ஐரோப்பாவில் பரவியது! அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் வீட்டிலேயே தோட்டா நிரப்பப் பழகினதுக்கு அந்த ஒற்றை ஓட்டையும் ஒரு காரணம். (நம்ம ஊரில் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்யக்கூடாது. யாரும் முயற்சி பண்ணிடாதீங்க.)

அவர்கள் பழைய கூட்டைச் சுத்தம் செய்யும் விதம் நம்ம சமையலறைக்கு ரொம்பப் பக்கம். முதலில் விரிசல் விழுந்ததை ஒதுக்குவார்கள். மிச்சத்தை எலுமிச்சை அமிலம் கலந்த வெந்நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகக் காயவைப்பார்கள். இல்லைன்னா அரைத்த வால்நட் ஓட்டோடு சேர்த்து உருளையில் சுழற்றுவார்கள். புளி போட்டுத் தேய்க்கிற நம்ம பாட்டி வைத்தியமேதான்! ஆனா ஒரு விஷயத்தில் கண்டிப்பு: அம்மோனியா கலந்த பாலிஷ் பக்கம் போகக்கூடாது.

ஏன்? அதற்கான பாடம் இந்தியாவில் கிடைத்தது.

தோட்டாக் கூட்டின் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வில்லையைக் குழித்து, இழுத்து இழுத்து நீட்டி, கடைசியில் கழுத்தைக் குண்டின் மேல் இறுக்குவார்கள். சூடாக்காமல் இப்படி வளைத்த உலோகத்துக்குள் ஒரு இறுக்கம் தங்கிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆங்கிலேயப் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால், ஒருத்தரும் தொடாத தோட்டாக்களில் விரிசல்! அதுவும் பெரும்பாலும் கழுத்தில். மழை சீசனில் வந்ததால் ‘சீசன் கிராக்கிங்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பருவநிலை மேல் பழியைப் போட்டாச்சு. உண்மைக் காரணத்தை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா, மழைக்காற்றில் ஈரம், பித்தளைக்குள் ஏற்கனவே இருந்த இறுக்கம். மூன்றும் சேர்ந்தால்தான் விரிசல். மருந்தும் சுலபம்: செய்து முடித்ததும் 250 டிகிரி சுற்றளவில் இதமாகச் சூடுகாட்டினால் உள்ளிறுக்கம் தளரும், பித்தளை வலுவும் போகாது.

இப்போ எங்க குடத்துக்கு வர்றேன்.

கல்யாணத்துக்கு அம்மா கும்பகோணத்தில் வாங்கிக் கொடுத்த தட்டுக் குடம். சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்தது. புனேவில் எங்க முதல் வாடகை வீட்டின் பின்சுவரை ஒட்டி எருமைக் கொட்டகை. பால் நல்லா இருக்கும், வாசனைதான் தாங்காது. குடத்தைப் பின்னறையில் வச்சிருந்தோம். அந்த வருஷ மழை முடிஞ்சு எடுத்தா, கழுத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு விரிசல். தண்ணீர் கசிந்தது.

அப்போ ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "கீழ போட்டிருப்பா." என் மனைவி இல்லைன்னு சொன்னா. நானும் அம்மா பக்கம்தான் நினைச்சேன். வாயால சொல்லலை, அவளுக்குத் தெரிஞ்சிருந்தது. அதுக்கப்புறம் அந்தக் குடத்தை அவள் தொட்டதே இல்லை. பரணுக்குப் போயிடுச்சு.

இத்தனைக்கும் நான் படிச்சது உலோகவியல். சீசன் கிராக்கிங் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கின கேள்வி. 1869-லேயே தோட்டாத் தொழிற்சாலை தொடங்கின கட்கி வழியாத்தான் தினமும் ஆபீஸ் போறேன். பாடத்தில் இருந்த குதிரை லாயத்துக்கும் வீட்டுக்குப் பின்னால் இருந்த எருமைக் கொட்டகைக்கும் முடிச்சுப் போட எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு. போன ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் குடத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட நசுங்கல் இல்லை. கீழே விழுந்த குடம் நசுங்காம விரியுமா?

மனைவிகிட்ட சொன்னேன். "இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்"னு கேட்டுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டா. அம்மாவுக்கு போன் போட்டு குதிரை, எருமை, அம்மோனியா எல்லாம் விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அப்போ அந்த வீட்டைப் பிடிச்சது யாருடா?"ன்னாங்க.

நான்தான்.

குடம் இப்போ வரவேற்பறையில் இருக்கு. மனைவியே புளி போட்டுத் தேய்ச்சு, கழுவி, துடைச்சு வச்சிருக்கா. ஊரிலிருந்து சுமந்து வந்த பித்தளை உங்க வீட்டிலும் இருக்கும். அம்மோனியா கலந்த பாலிஷ் போடாதீங்க, ஈரத்தோடு மூலையில் வைக்காதீங்க. அப்படியும் ஒருநாள் விரிஞ்சா, யாரையும் கேட்கறதுக்கு முன்னாடி குடத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்க.