தன்னார்வக் கணிமையில் வீட்டுக் கணினியின் செயல்திறன்

தன்னார்வக் கணிமை என்பது பொதுமக்கள் தம் வீட்டுக் கணினிகளின் பயன்படாத கணிப்புத் திறனை இணையத்தின் வழியாக அறிவியல் ஆய்வுத் திட்டங்களுக்கு விரும்பி வழங்கும் முறை ஆகும். இது பரவற் கணிமையின் ஒரு வகையாகும். இம்முறையில் ஒரு கணினியின் செயல்திறன் என்பது அதன் கடிகார வேகத்தையோ, அது ஓடிக்கொண்டிருக்கும் மணிநேரத்தையோ குறிப்பதன்று. குறித்த கெடுவுக்குள் பிழையின்றித் திருப்பி அனுப்பப்படும் முடிவுகள் எத்தனை, அவற்றுக்குச் செலவாகும் மின்சாரம் எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்தே அதனை அளவிட வேண்டும். இத்துறையில் கிடைக்கும் அறிவுரைகளிற் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்கால் போன்ற வெப்பமான ஊர்களில் அவற்றை அப்படியே பின்பற்றினால் மின்கட்டணம் கூடும். கணினியின் ஆயுளும் குறையும்.

வரலாறு

1996 இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடல் திட்டமான கிம்ப்ஸ், இவ்வகைத் திட்டங்களுள் முன்னோடியானது. எனினும் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது, புவிக்கு அப்பாலுள்ள அறிவுயிரிகளின் வானொலிச் சைகைகளைத் தேடிய செட்டி@ஹோம் திட்டமே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்து 1999 மே 17 அன்று இது வெளியிடப்பட்டது. பணித்துண்டுகள் வழங்குவதை 2020 மார்ச் 31 அன்று இது நிறுத்திக்கொண்டது. புரத மடிப்பை ஆராயும் ஃபோல்டிங்@ஹோம் 2000 இலும், ஈர்ப்பலைகளையும் துடிவிண்மீன்களையும் தேடும் ஐன்ஸ்டைன்@ஹோம் 2005 இலும் தொடங்கின. பல திட்டங்களுக்கும் பொதுவான பொயிங்க் என்னும் மென்பொருளின் உருவாக்கத்தை 2002 இல் பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் தொடங்கினார். இன்று பெரும்பாலான திட்டங்கள் இதன் மீதே இயங்குகின்றன. ஃபோல்டிங்@ஹோம், கிம்ப்ஸ் போன்றவை தமக்கெனத் தனி மென்பொருள் கொண்டவை.

2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது ஃபோல்டிங்@ஹோமில் இணைந்த கணினிகளின் மொத்தத் திறன் 1 எக்சாஃபிளாப்பைத் தாண்டியது. அதாவது நொடிக்கு 1 ஐத் தொடர்ந்து 18 சுழிகள் கொண்ட எண்ணிக்கையிலான கணக்குகள். அக்காலத்தில் எந்தத் தனி மீத்திறன் கணினியும் இந்த அளவை எட்டியிருக்கவில்லை.

பணித்துண்டும் சரிபார்ப்பும்

திட்டத்தின் வழங்கி, பெருங்கணக்கைச் சிறு பணித்துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் கெடுவுடன் அனுப்புகிறது. வீட்டுக் கணினிகளை முழுமையாக நம்ப இயலாது என்பதால், பல திட்டங்கள் ஒரே துண்டை இருவேறு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் பொருந்தினால் மட்டுமே ஏற்கின்றன. 2010 இல் ஐன்ஸ்டைன்@ஹோம், அரெசிபோ தொலைநோக்கியின் தரவுகளில் இருந்து பிஎஸ்ஆர் ஜே2007+2722 என்னும் துடிவிண்மீனைக் கண்டறிந்தது. அப்போது அமெரிக்காவின் அயோவாவில் இருந்த ஓர் இணையரின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த ஒருவரின் கணினியும் அந்தக் கண்டுபிடிப்புக்கு உரியனவாக அறிவிக்கப்பட்டன. ஒரே துண்டு இருவரிடமும் சென்றிருந்ததே இதற்குக் காரணம்.

இதில் இருந்து ஒன்று புலனாகும். விரைவாகக் கணித்துத் தவறான விடை அனுப்பும் கணினி, திட்டத்திற்கு உதவுவதில்லை. அது மூன்றாவது கணினி ஒன்றையும் அதே வேலையில் ஈடுபடுத்தி இழப்பையே உண்டாக்குகிறது. கெடு தாண்டி வரும் விடையும் பெரும்பாலும் இவ்வாறே வீணாகும். எனவே பொயிங்க் மென்பொருளில் பல நாட்களுக்கான பணித்துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைப்பது நன்றன்று. இணைப்பு அடிக்கடி அறுபடும் இடங்களில் ஒரு நாள் இருப்பு போதுமானது. நிலையான அகலப்பட்டை உள்ள வீட்டில் அதுவும் தேவையில்லை.

வெப்பம்

செயலி உட்கொள்ளும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. ஐரோப்பாவிலோ கனடாவிலோ குளிர்காலத்தில் அந்த வெப்பம் அறையைச் சூடாக்க உதவுவதால், மின்சாரம் வீணாகவில்லை என்று அங்குள்ள ஆர்வலர்கள் வாதிடுவதுண்டு. தமிழ்நாட்டில் இவ்வாதம் தலைகீழாகிறது. அதே வெப்பத்தை வெளியேற்ற மின்விசிறியும், சில வீடுகளில் குளிர்பதனியும் ஓட வேண்டியுள்ளது. 3 அலகு வெப்பத்தை வெளியேற்ற ஏறத்தாழ 1 அலகு மின்சாரம் கொள்ளும் குளிர்பதனி உள்ள அறையில், கணினியின் உண்மையான மின்செலவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது.

வெப்ப உறிஞ்சியும் விசிறியும் செயலியை அறை வெப்பநிலைக்குக் கீழ் கொண்டுவர இயலாதவை. அறையைக் காட்டிலும் செயலி எத்தனை பாகை கூடுதலாக இருக்கும் என்பதையே அவை தீர்மானிக்கின்றன. 25 பாகை செல்சியஸ் அறையில் 70 பாகையில் ஓடும் செயலி, அதே சுமையில் 38 பாகை அறையில் ஏறத்தாழ 83 பாகையை எட்டும். வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் அக்னி நட்சத்திர நாட்களில் வெளிவெப்பம் 40 பாகையை எட்டுவது வழக்கம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறைகளில், பகலில் காய்ந்த காங்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை வெப்பத்தை உமிழ்கிறது. வேலூர் சாலையில் ஆட்சியர் அலுவலகத்தை ஒட்டி வளர்ந்துள்ள வேங்கிக்காலின் புதிய குடியிருப்புகளிலும் இத்தகைய தளவீடுகளைக் காணலாம். அவற்றில் மாடி அறையை விடத் தரைத்தள அறையே கணினிக்கு ஏற்றது.

பெரும்பாலான செயலிகள் 95 முதல் 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கணினி நின்றுவிடாததால் பயனர் இதனை அறிவதில்லை. மாசி மாதத்தில் 6 மணிநேரத்தில் முடிந்த பணித்துண்டு சித்திரையில் ஏன் 8 மணிநேரம் கொள்கிறது என்று மட்டும் வியப்பார். அந்நிலையில் புதிய செயலி வாங்குவது பயன் தராது. பெட்டியைத் திறந்து விசிறியிலும் வெப்ப உறிஞ்சியின் தகடுகளுக்கு இடையிலும் படிந்த தூசியை அகற்றுவதும், சில ஆண்டுகளில் உலர்ந்துவிடும் வெப்பப் பசையை மாற்றுவதும் மிகக் குறைந்த செலவில் இழந்த வேகத்தை மீட்கும். தூசி அகற்றும்போது விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்கப்பட்ட பெட்டியை ஒரு சாண் முன்னே இழுப்பதற்குச் செலவே இல்லை.

மின்செலவு

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரு மாதங்களுக்கு ஒரு முறை எடுக்கப்படுகிறது. 2016 இல் முதல் 100 அலகுகள் கட்டணமற்றவை ஆக்கப்பட்டன. அதற்கு மேல் நுகர்வு கூடக் கூட அலகின் விலையும் படிப்படியாகக் கூடுகிறது. ஆகவே கணினி எடுக்கும் அலகுகள் எப்போதும் வீட்டின் உச்சப் படியில், அதாவது மிக விலையுயர்ந்த அலகுகளாகவே சேர்கின்றன என்று கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வெறுமனே இருக்கையில் 45 வாட்டும் முழுச்சுமையில் 110 வாட்டும் எடுக்கும் மேசைக் கணினி ஒன்றைக் கருதலாம். 60 நாட்கள் இடைவிடாமல் முழுச்சுமையில் ஓடினால் இது 158 அலகுகள் செலவழிக்கும். நாள்தோறும் இரவு 8 மணிநேரம் மட்டும் ஓடினால் 53 அலகுகள். 250 வாட்டு வரைகலை அட்டை ஒன்று இடைவிடாமல் ஓடினால் அது மட்டுமே 360 அலகுகள். இந்திய மின்கட்டமைப்பில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாவதால், காலநிலையை ஆராயும் திட்டத்திற்கு உதவுவோரும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் தகும்.

வேகத்தைச் சற்றுக் குறைப்பதே இங்கு மிகுந்த பயன் தருவது. செயலியின் இயங்குதிறன் கடிகார வேகத்திற்கும், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. வேகம் குறைந்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம் என்பதால் சேமிப்பு மும்மடியை நெருங்குகிறது. மேற்கண்ட கணினியில் வேகத்தை 80 விழுக்காடாக்கினால், கணிப்புக்கென எடுக்கும் 65 வாட்டு ஏறத்தாழ 33 ஆகும். மொத்தம் 78 வாட்டு. முழுவேகத்தில் 110 வாட்டில் நடக்கும் வேலை இப்போது அதே அளவுக்கு 98 வாட்டில் நடக்கிறது. அறையில் சேரும் வெப்பமும் கால் பங்குக்கு மேல் குறைகிறது.

ஆனால் இதனை அளவின்றி நீட்டிக்க இயலாது. மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழ் இறங்காது. அவ்வெல்லை நான்கில் மூன்று பங்கு என்று கொண்டால், வேகத்தைப் பாதியாக்கும்போது மொத்தம் 63 வாட்டாகிறது. அதாவது ஒரு முழு வேலைக்கு 127 வாட்டு. பலகையும் வன்தட்டும் மின்வழங்கியும் எடுக்கும் 45 வாட்டு குறையாமல் நிற்பதே இதற்குக் காரணம். வேறு வேலைக்காக எப்படியும் திறந்திருக்கும் கணினியில் இந்த 45 வாட்டைக் கணக்கிற் சேர்க்க வேண்டியதில்லை. அங்கு மெதுவான ஓட்டமும் இலாபமே.

இண்டெல் செயலி கொண்ட விண்டோஸ் கணினிகளில், மின்திறன் அமைப்பில் செயலியின் உச்சநிலையை 100 இல் இருந்து 99 விழுக்காடாக மாற்றினால், குறுகிய கால மிகைவேகம் பெரும்பாலும் அணைந்துவிடும். இந்த ஒரு விழுக்காட்டு மாற்றத்தில் வெப்பம் பத்துப் பாகைக்கு மேல் இறங்குவதுண்டு.

மென்பொருள் அமைப்புகள்

பொயிங்க் மென்பொருளில் ஒன்றுபோல் தோன்றும் இரு அமைப்புகள் உள்ளன. ஒன்று எத்தனை விழுக்காடு உள்ளகங்களைப் பயன்படுத்துவது என்பது. மற்றொன்று எத்தனை விழுக்காடு நேரம் என்பது. இரண்டாவது, வேலையைச் சில நொடிகள் ஓட்டிச் சில நொடிகள் நிறுத்துகிறது. இதனால் செயலி மாறிமாறிச் சூடாகிக் குளிர்வதோடு விசிறியும் ஏறி இறங்கி இரைகிறது. முதலாவதையே குறைப்பது நல்லது. நான்கு உள்ளகங்களில் மூன்றை வழங்கினால் வீட்டார் கணினியைப் பயன்படுத்தும்போதும் தடங்கல் தெரியாது.

ஓர் உள்ளகத்தில் இரு இழைகளை ஓட்டும் வசதி இருந்தாலும் விளைவு இருமடங்காவதில்லை. கூடுவது பெரும்பாலும் கால் பங்கு அளவே. பெரும் பகா எண் தேடல் போன்ற நினைவகம் மிகுதியாகக் கொள்ளும் வேலைகளில், நான்கு பணித்துண்டுகளைத் தனித்தனியே ஓட்டினால் அவை செயலியின் பதுக்கு நினைவகத்திற்குப் போட்டியிட்டு ஒன்றையொன்று தாமதப்படுத்தும். நான்கு உள்ளகங்களும் சேர்ந்து ஒரே துண்டை முடிப்பது அங்கு விரைவானது. ஒரே 8 கிகாபைட்டு நினைவகத்துக்குப் பதிலாக இரு 4 கிகாபைட்டு நினைவகங்களை உரிய துளைகளில் பொருத்துவதும் இவ்வேலைகளுக்கு உதவும்.

மின்தடை மிகுந்த இடங்களில் இடைநிலைச் சேமிப்பு இன்றியமையாதது. கணிப்பு எட்டிய இடத்தை வன்தட்டில் எழுதி வைக்காத பணித்துண்டு, மின்சாரம் திரும்பியதும் முதலில் இருந்தே தொடங்கும். பொயிங்கில் இதன் இயல்பான இடைவெளி 60 நொடி. எல்லாத் திட்டங்களும் அவ்வளவு அடிக்கடி சேமிப்பதில்லை என்பதால், நீண்ட பணித்துண்டுகள் தரும் திட்டத்தில் சேர்வதற்கு முன் இதனை அறிந்துகொள்ளல் வேண்டும். இடைநிறுத்தும்போது வேலையை நினைவகத்திலேயே விட்டுவைக்கும் தெரிவையும் இயக்கி வைக்கலாம். வீட்டு இன்வெர்ட்டர் மின்கலத்தில் கணிப்பை ஓட்டுவது வீண்செலவு.

மிகைவேகமும் பிழைகளும்

குறித்த வேகத்திற்கு மேல் செயலியை இயக்கும் மிகைவேகப் பழக்கம் விளையாட்டுக் கணினி ஆர்வலர்களிடம் இருந்து இங்கு வந்தது. விளையாட்டில் ஒரு படப்புள்ளி தவறான நிறத்தில் தோன்றினால் எவரும் கவனிப்பதில்லை. பல நாட்கள் ஓடும் எண் கணக்கில் ஒரே ஒரு துகள் மாறினாலும் முடிவு முழுவதும் பயனற்றுப் போகும். கிம்ப்ஸ் திட்டத்தின் பிரைம்95 மென்பொருள், கணினியின் உறுதியைச் சோதிக்கும் கருவியாகவே புகழ்பெற்றது இதனாலேயே. 2017 இல் இராபர்ட் கெர்பிச் வகுத்த பிழைகாண் முறை, இத்தகைய வழுக்களைக் கணிப்பின் நடுவிலேயே கண்டுகொள்ள வழிசெய்தது. மின்னழுத்தத்தை மிகக் குறைப்பதாலும் இதே பிழைகள் நேரும் என்பதால், மாற்றம் செய்தபின் சில நாட்களுக்குத் தன் கணக்கில் ஏற்கப்படாத முடிவுகள் கூடுகின்றனவா என்று பார்ப்பது தேவை.

வரைகலை அட்டை, மடிக்கணினி, கைப்பேசி

உரிய செயலி நிரல் உள்ள திட்டங்களில் வரைகலை அட்டை, மையச் செயலியை விடப் பன்மடங்கு வேலை செய்யும். ஆயினும் விலை குறைந்த அட்டைகள் பலவற்றில் இரட்டைத் துல்லியக் கணக்கின் வேகம், ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64 இல் ஒரு பங்கே. திட்டம் எதனைக் கேட்கிறது என்று பார்க்காமல் அட்டை வாங்குவது கூடாது. கிம்ப்ஸ் திட்டத்தில் 28 ஆண்டுகள் சாதாரணக் கணினிகளே புதிய பகா எண்களைக் கண்டுவந்தன. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 4,10,24,320 இலக்க எண்ணோ, பல நாடுகளின் தரவு மையங்களில் இருந்த வரைகலைச் செயலிகளின் துணையுடன் கிடைத்தது.

தமிழ்நாட்டு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகப் பல மாணவர் வீடுகளுக்கு மடிக்கணினி வந்து சேர்ந்தது. மடிக்கணினிகள் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை; ஆனால் மெல்லிய விசிறி நாள் முழுவதும் முழுச்சுமையைத் தாங்க வடிவமைக்கப்பட்டதன்று. பாதி உள்ளகங்களை மட்டும் வழங்கி, மெத்தையின் மீது வைக்காமல் அடியில் காற்றோட்டம் விட்டு இரவில் ஓட்டலாம். மின்கலம் உப்பியிருந்தால் கணிப்பை உடனே நிறுத்திவிட வேண்டும். அது தீ விபத்துக்கு இடமளிக்கும். பள்ளி, அலுவலகக் கணினிகளில் உரியவரின் இசைவின்றி இம்மென்பொருளை நிறுவுதல் கூடாது.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான பொயிங்க், இயல்பாக மின்னேற்றத்தில் இருக்கும்போதும், மின்கலம் 90 விழுக்காடு நிரம்பிய பின்னரும், அதன் வெப்பம் 40 பாகைக்குக் கீழ் இருந்தால் மட்டுமே இயங்கும். சித்திரை, வைகாசிப் பகல்களில் திருவண்ணாமலையில் இந்த வரம்பு அடிக்கடி தாண்டப்படும். வரம்பை உயர்த்துவதை விட அம்மாதங்களில் கைப்பேசியை விலக்கி வைப்பதே மேல்.

மேசைக் கணினிக்கும் இத்தகைய பருவமுறை ஏற்றது. கார்த்திகைத் தீபத்தை ஒட்டிய வாரங்கள் முதல் மாசி வரை முழு உள்ளகங்களுடன் ஓட்டலாம். பங்குனி முதல் ஆனி வரை நள்ளிரவுக்குப் பின் சில மணிநேரம் மட்டும் ஓட்டலாம், அல்லது முற்றிலும் நிறுத்தி வைக்கலாம். கூரைச் சூரிய மின்தகடு உள்ள வீடுகள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கு பகல் மின்சாரம் மிகுதியாக இருப்பதால், அறை தாங்கும் அளவுக்குப் பகலிலும் இயக்கலாம். பொயிங்கின் நாள்வாரி நேர அமைப்பில் இவற்றை ஒருமுறை குறித்துவிட்டால் போதும். பருவம் மாறும்போது மட்டும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.