வயதான நாய் திடீரெனத் தள்ளாடுகிறதா? பதறாதீங்க!

நேற்றுவரை நன்றாக ஓடியாடிய உங்கள் வயதான நாய், இன்று காலை தலையைச் சாய்த்தபடி ஒரே பக்கமாக விழுகிறதா? கருவிழிகள் இடவலமாகத் துடிக்கின்றனவா? வாந்தியும் எடுக்கிறதா? 'பக்கவாதம்தான், அவ்வளவுதான்'னு முடிவு கட்டிடாதீங்க.

பெரும்பாலும் இது உள்காதிலுள்ள சமநிலை உறுப்பின் கோளாறு. 'வெஸ்டிபுலர் டிசீஸ்' என்பார்கள். காரணம் தெரியாமல் வரும் வகை என்றால், சுமார் 3 நாள்களில் குறையத் தொடங்கி, 2-3 வாரங்களில் சரியாகிவிடும். சில நாய்களுக்குத் தலைச்சாய்வு மட்டும் நிலைத்துவிடலாம்.

ஆனாலும், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுத் தொற்று, தைராய்டு குறைபாடு, மூளைக்கட்டி போன்றவையும் இதே அறிகுறிகளைக் காட்டும். வலிப்பு வந்தாலோ, கால்கள் பலமிழந்தாலோ தாமதமே கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வழுக்கும் டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள், மாடிப்படியை அடைத்துவிடுங்கள்.

* தண்ணீரையும் சாப்பாட்டையும் படுத்திருக்கும் இடத்திலேயே, தலை நிமிர்ந்திருக்கும்போது கொடுங்கள்.

* தூக்கிச் சுமந்தால் தலைசுற்றல் கூடும். வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கி நடத்துங்கள்.

* இரவில் சின்ன விளக்கு எரியட்டும்.

* நமக்கான தலைசுற்றல் மாத்திரை, வீட்டில் மிச்சமிருக்கும் காதுச் சொட்டு மருந்து... இரண்டுமே வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் சில சொட்டு மருந்துகள் உள்காதையே பாதிக்கும்.

முதல் நாள் பார்க்கவே மனசு தாங்காதுதான். அந்தப் பதற்றத்தில் கருணைக்கொலை வரை போய்விடாதீர்கள். பரிசோதனை முடியட்டும், சில நாள்கள் பொறுத்துப் பாருங்கள்.