திரையின் அகலமும் சொல்லின் நீளமும்: இணையப் பக்க வடிவமைப்பு வரலாறு

1. முன்னுரை

அச்சு நூலொன்றின் பக்க அளவு, அதன் உரை அச்சுக் கோக்கப்படுவதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. தாளின் அளவும் ஓரங்களின் அளவும் வரியின் நீளமும் தெரிந்த பின்னரே எழுத்துகள் வரிசையில் அமர்கின்றன. இணையப் பக்கத்தை அமைப்பவருக்கு இந்த முன்னறிவு கிடைப்பதில்லை. அவர் எழுதிய ஒரே உரை மேசைக் கணினியின் அகன்ற திரையிலும், உள்ளங்கையில் அடங்கும் கைப்பேசியின் திரையிலும், இவற்றுக்கு இடைப்பட்ட பல அளவுகளிலும் படிக்கப்படுகிறது.

இச்சிக்கலுக்குக் காணப்பட்ட தீர்வுகளின் வரலாறு பெரும்பாலும் தொழில்நுட்ப வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் ஒவ்வொரு தீர்வும் சொல்லின் நீளத்தைப் பற்றியும், தொடரில் பொருள் அமையும் இடத்தைப் பற்றியும் ஒரு கருத்தைத் தன்னுள் கொண்டிருந்தது. அக்கருத்து பெரும்பாலும் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டது. இவ்வரலாற்றை 1989 முதல் 2023 வரை நிரல்படக் கண்டு, தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழிகளுக்கும் அவற்றில் மொழிபெயர்ப்போருக்கும் அதனால் நேர்ந்த விளைவுகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அகலம் குறிக்கப்படாத பக்கம்

டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் தம் திட்டத்தை முன்வைத்தார். 1991இல் வையவிரிவு வலை ஆய்வகத்துக்கு வெளியிலும் அறிமுகமாயிற்று. பக்கங்களை எழுதுவதற்கு வகுக்கப்பட்ட எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, தலைப்பு எது, பத்தி எது, பட்டியல் எது என்பதை மட்டுமே குறித்தது. வரி எங்கே முடிய வேண்டும் என்பதை அது கூறவில்லை. படிப்பவரின் சாளரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு உரை நிரம்பியது. சாளரம் குறுகினால் வரிகளின் எண்ணிக்கை கூடியது, உரை குறையவில்லை.

தமிழ் எழுத்துமரபில் இதனோடு ஒப்பிடத்தக்கது ஓலைச்சுவடியாகும். சுவடியில் சொற்களுக்கிடையே இடம் விடப்படுவதில்லை. ஓலையின் ஓரம் வரும்வரை எழுத்து தொடர்ந்து சென்று, எந்த இடத்தில் ஓலை முடிந்ததோ அந்த இடத்தில் அடுத்த வரிக்குத் திரும்பியது. ஒரு நூலை வேறு நீளமுள்ள ஓலையில் படியெடுத்தபோது வரிமுடிவுகள் மாறின. அம்மாற்றம் பிழையாகக் கருதப்படவில்லை. வரியின் நீளம் நூலுக்கு உரியதன்று, எழுதப்படும் பொருளுக்கு உரியது என்பதே இரண்டிற்கும் பொதுவான நிலை.

3. அச்சுப் பக்கத்தின் மறுவருகை

நெட்ஸ்கேப் உலாவியின் 1.1ஆம் பதிப்பு 1995இல் அட்டவணைகளைக் காட்டும் வசதியுடன் வெளிவந்தது. புள்ளிவிவரங்களை நிரலாகத் தருவதற்கு வகுக்கப்பட்ட அட்டவணையைப் பக்கம் முழுவதையும் பத்திகளாகப் பிரிக்கும் கருவியாக வடிவமைப்பாளர்கள் மாற்றிக்கொண்டனர். டேவிட் சீகல் 1996இல் வெளியிட்ட நூல், அட்டவணைகளையும் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் படப்புள்ளிப் படங்களையும் கொண்டு பக்கத்தைத் துல்லியமாக அமைக்கும் முறையைப் பரப்பியது. அச்சுக் கலைஞர் தாளின் மீது கொண்டிருந்த கட்டுப்பாட்டை இணைய வடிவமைப்பாளர் திரையின் மீது கொள்ள முயன்ற காலம் இது.

இம்முயற்சிக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. முதலில் 640 படப்புள்ளி அகலமுள்ள திரையும், பின்னர் 800, அதன் பின்னர் 1024 படப்புள்ளி அகலமுள்ள திரைகளும் பொது அளவாகக் கொள்ளப்பட்டன. திரை பெரிதாகும்தோறும் தளங்கள் மீண்டும் கட்டப்பட்டன.

இதற்கு மாற்றான வழியும் உருவாகி வந்தது. ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் முன்மொழிந்த அடுக்கு நடைத்தாள் முறை, சி.எஸ்.எஸ். என்னும் பெயரில் 1996 டிசம்பரில் வையவிரிவு வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. உரையின் அமைப்பையும் அதன் தோற்றத்தையும் தனித்தனியே எழுதுவது இதன் அடிப்படை. 1998இல் வந்த இரண்டாம் நிலை, திரை, அச்சு, கையடக்கக் கருவி என ஊடக வகைக்கேற்ப வெவ்வேறு நடையைக் குறிக்க இடமளித்தது. எனினும் உலாவிகள் இவ்விதிகளைச் சீராகப் பின்பற்றாமையால் அட்டவணை முறையே சில ஆண்டுகள் நீடித்தது.

ஜான் ஆல்சாப் 2000 ஏப்ரலில் 'எ லிஸ்ட் அபார்ட்' இதழில் வெளியிட்ட கட்டுரை இக்காலகட்டத்தின் திருப்புமுனை எனலாம். சீனத் தாவோ சிந்தனையைத் துணையாகக் கொண்ட அக்கட்டுரை, அச்சுப் பக்கத்தின் மாறாத அளவு அந்த ஊடகத்தின் வரம்பேயன்றி வடிவமைப்பின் இலக்கணமன்று என்றும், நெகிழ்ச்சியே இணையத்தின் இயல்பு என்றும் வாதிட்டது. இதைப் பலரும் பாராட்டினர். நடைமுறையில் நிலைத்த அகலமே தொடர்ந்தது.

4. கைப்பேசியும் இரட்டைத் தளமும்

கைப்பேசிக்கெனத் தனிக் குறிமொழி வகுக்கும் முயற்சி 1998இல் வாப் நெறிமுறையோடு உருப்பெற்றது. ஜப்பானில் 1999 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஐ-மோட் சேவை, எச்.டி.எம்.எல்.லின் சுருங்கிய வடிவத்தைக் கையாண்டு பரவலான வெற்றி கண்டது. இவற்றைத் தொடர்ந்து, கணினிக்கு ஒரு தளமும் கைப்பேசிக்கு மற்றொரு தளமும் வைத்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. மொழிபெயர்ப்பு நோக்கில் இது இரட்டை உழைப்பாயிற்று. ஒரே செய்திக்கு இரண்டு பாடங்கள் எழுந்தன. ஒன்றைத் திருத்தியபோது மற்றொன்று திருத்தப்படாமல் நின்றுவிட வாய்ப்பிருந்தது.

2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐஃபோன் வேறொரு வழியைக் கையாண்டது. அதன் திரை 320 படப்புள்ளி அகலமும் 480 படப்புள்ளி உயரமும் உடையது. அதன் உலாவி, பக்கம் 980 படப்புள்ளி அகலமுடையது எனக் கருதிக்கொண்டு அதனை முழுமையாக வரைந்து, பின்னர்ச் சிறிதாக்கிக் காட்டியது. படிப்பவர் விரல்களால் பெரிதாக்கிப் படிக்க வேண்டியிருந்தது. பக்கத்தின் உண்மையான அகலத்தை வடிவமைப்பாளரே அறிவிப்பதற்கான குறியும் இக்கருவியோடு வந்தது. பின்னர் வந்த மாற்றங்களுக்கு அக்குறி அடிப்படையாயிற்று.

5. துலங்கு வடிவமைப்பு

ஈதன் மார்க்காட் 2010 மே மாதத்தில் அதே இதழில் எழுதிய கட்டுரை இம்முறைக்குப் பெயரும் இலக்கணமும் தந்தது. நெகிழ்கட்டம், நெகிழ்படம், ஊடக வினவல் ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். நெகிழ்கட்டத்தில் அளவுகள் விகிதங்களாக மாறுகின்றன. 960 படப்புள்ளிப் பக்கத்தில் 300 படப்புள்ளி பெறும் பத்தி, முந்தையதால் பிந்தையதை வகுக்க, 31.25 விழுக்காடு என எழுதப்படுகிறது. திரை எந்த அளவினதாயினும் அவ்விகிதம் நிலைக்கிறது. விகிதத்தால் மட்டும் பக்கம் படிக்கத்தக்கதாக அமையாத அகலங்களில், ஊடக வினவல் திரையின் அகலத்தைக் கேட்டறிந்து வேறு நடையைப் பொருத்துகிறது. 2012 ஜூனில் ஊடக வினவல் முறைப்படியான பரிந்துரையாயிற்று.

இங்குக் கலைச்சொல் பற்றிய குறிப்பு ஒன்று தேவைப்படுகிறது. மார்க்காட் கையாண்ட 'ரெஸ்பான்சிவ்' என்னும் அடைமொழி கட்டடக்கலையிலிருந்து பெறப்பட்டது. உள்ளிருப்போரின் வருகைக்கும் அசைவுக்கும் ஏற்பச் சுவரும் அறையும் மாறும் கட்டட அமைப்பை அது சுட்டியது. இதனைத் தமிழில் 'தகவமைப்பு' என்று பெயர்ப்பின், உயிரியலில் 'அடாப்டேஷன்' என்பதற்கு வழங்கும் சொல்லோடு மயங்கும். 2011இல் ஆரன் கஸ்டாஃப்சன் தம் நூலுக்கு 'அடாப்டிவ்' என்னும் அடைமொழியையே தலைப்பில் வைத்ததால் இம்மயக்கம் மேலும் கூடுகிறது. உளவியல் பாடநூல்களில் தூண்டல், துலங்கல் என்னும் இணை நெடுநாளாக வழங்கி வருகிறது. திரையின் அளவு தூண்டலாகவும் பக்கத்தின் மாற்றம் துலங்கலாகவும் அமைவதால் 'துலங்கு வடிவமைப்பு' என்பது பொருத்தமான ஆக்கமாகும்.

லூக் ரோப்லெவ்ஸ்கி 2009 முதல் வலியுறுத்திய 'முதலில் கைப்பேசி' என்னும் கொள்கை, சிறிய திரைக்கு முதலில் எழுதிப் பின்னர் விரிக்கச் சொன்னது. எது முதன்மையான செய்தி என்பதை எழுதுபவர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கூகுள் நிறுவனம் 2015 ஏப்ரல் முதல் கைப்பேசித் தேடல் முடிவுகளில் கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கு முன்னுரிமை அளித்தது. இதன்பின் துலங்கு வடிவமைப்பு தவிர்க்க இயலாததாயிற்று.

6. சொல்லின் நீளம்

நெகிழ்கட்டம் பத்தியைக் குறுக்கும்போது உரை வரிகளாக உடைய வேண்டும். உலாவி இயல்பாக உடைக்கும் இடம் சொற்களுக்கு இடைப்பட்ட வெற்றிடமாகும். ஆகவே, ஒரு மொழியின் உரையில் வெற்றிடங்கள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பது வடிவமைப்பின் நெகிழ்ச்சியை முடிவு செய்கிறது. 'நூலகங்களிலிருந்தும்' என்னும் 11 எழுத்துச் சொல் தமிழில் ஒரே அலகு. அதன் பொருளை ஆங்கிலம் மூன்று சொற்களாகக் கூறுவதால் அங்கே உடைவதற்கு இரண்டு இடங்கள் கிடைக்கின்றன. தமிழில் ஓரிடமும் இல்லை.

பொத்தான்களிலும் பட்டிகளிலும் இவ்வேறுபாடு மிகுதியாகப் புலப்படுகிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் வழிகாட்டுதலை வையவிரிவு வலைக் கூட்டமைப்பு எடுத்துக்காட்டியுள்ளது. ஆங்கிலத்திலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் பெயர்க்கையில், 70 எழுத்துக்கு மேற்பட்ட உரைக்குச் சராசரியாக மூலத்தின் 130 விழுக்காடு இடம் போதும் என்றும், 10 எழுத்துக்கு உட்பட்ட குறுந்தொடருக்கு 200 முதல் 300 விழுக்காடு வரை இடம் வேண்டும் என்றும் அது கூறுகிறது. படப்பகிர்வுத் தளமான ஃப்ளிக்கரில் 'வியூஸ்' என்னும் 5 எழுத்து ஆங்கிலச் சொல், இத்தாலியத்தில் 15 எழுத்துச் சொல்லாக நீண்டதை அக்குறிப்பு சான்றாகத் தருகிறது. தமிழில் 'சப்மிட்' என்னும் 6 எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான 'சமர்ப்பிக்கவும்' என்பது 9 எழுத்துடையது. ஒருங்குறியில் அது 15 குறியெண்களாகப் பதிவாகிறது. எழுத்தின் உருவ அகலமும் கூடுவதால் திரையில் அது கொள்ளும் இடம் மேலும் மிகுகிறது.

இடம் போதாதபோது எச்சொல்லும் பெட்டியின் எல்லையைத் தாண்டி நீளும். அல்லது முடிவு வெட்டப்பட்டு மூன்று புள்ளிகள் இடப்படும். பின்னைய முறை, தொடரின் தொடக்கத்தைக் கொண்டே பொருளை உணரலாம் என்னும் எண்ணத்தில் எழுந்தது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் வினைக்கு முன் வருவதால் அது வெட்டுக்குத் தப்புகிறது. தமிழில் வினையின் பால், எண், இடம், ஏவல், எதிர்மறை ஆகியன இறுதியிலேயே அமைகின்றன. 'அனுமதிக்கவும்' என்னும் பொத்தானும் 'அனுமதிக்க வேண்டாம்' என்னும் பொத்தானும் ஒரே அகலத்தில் வெட்டப்படும்போது இரண்டும் 'அனுமதிக்க…' என்றே நிற்கின்றன. இசைவையும் மறுப்பையும் வேறுபடுத்தும் உறுப்பு திரையில் இல்லாமற் போகிறது. ஒருவர் தம் இருப்பிடத் தகவலையோ தொடர்பு விவரங்களையோ பிறருக்குத் தருவதா மறுப்பதா என்பது இத்தகைய பொத்தான்களைச் சார்ந்தே உள்ளது.

7. சொல்லை உடைக்கும் விதிகள்

சொல்லின் இடையே வரியை உடைப்பதற்குக் கணினியில் விதி காண்பது இணையத்துக்கு முற்பட்ட முயற்சியாகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு குனூத்தின் மாணவரான ஃபிராங்க் லியாங் 1983இல் அளித்த ஆய்வேடு, எழுத்துக்கூட்டங்களின் பட்டியலைக் கொண்டு உடைக்கத்தக்க இடங்களைக் காணும் முறையை வகுத்தது. டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்காக எழுந்த அம்முறை இன்றும் பல மென்பொருள்களுக்கு அடிப்படையாக உள்ளது. ஆங்கிலத்துக்கு ஆயிரக்கணக்கான கூட்டங்கள் தேவைப்பட்டன. தமிழுக்கான விதி எளியது: புள்ளி பெற்ற மெய் வரியின் தொடக்கத்தில் வராதபடி எந்த எழுத்தின் பின்னும் உடைக்கலாம். நாளிதழ்களின் குறுகிய பத்திகளில், பல வேளைகளில் சிறுகோடும் இன்றி, இவ்விதியே வழங்கி வந்துள்ளது.

இவ்விதி திரையில் செயற்படுவதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. முதலாவது, எழுத்து எது என்பதை நிரல் அறிய வேண்டும். 'நி' என்பது ஒருங்குறியில் நகரம், இகரக்குறி என இரண்டு குறியெண்கள். அவற்றைப் பிரிக்கலாகாது என்பதை ஒருங்குறியின் எழுத்துக்கூறு பற்றிய அறிக்கை தமிழ் 'நி'யையே சான்றாகக் கொண்டு விளக்குகிறது. ஆனால் 'ம்' என்பதும் அவ்வறிக்கையின்படி முழு அலகே. ஆதலால் இடமில்லாதபோது எங்கும் உடைக்குமாறு பணிக்கும் பொதுக் கட்டளை, 'செல்கிறோம்' என்பதன் இறுதி மெய்யைத் தனியே அடுத்த வரியில் விட்டுவிடக்கூடும். இரண்டாவது, பக்கத்தின் மொழி இன்னது என அறிவிக்கப்பட வேண்டும். உரை தமிழாக்கப்பட்டும் மொழிக்குறி ஆங்கிலமாகவே விடப்பட்ட பக்கத்தில், தமிழுக்குரிய உடைப்பு விதி இருந்தும் பயன்படுவதில்லை.

8. உள்ளடக்கத்தை நோக்கி

2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்று உலாவிகளும் கட்டமுறை வடிவமைப்பை ஏற்றன. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்க அட்டவணையின் உதவி இனித் தேவையில்லை என்பதோடு, கட்டத்தின் அகலத்தை அதனுள் இருக்கும் உரையே முடிவு செய்யவும் வழி பிறந்தது. உடைக்க இயலாத மிக நீண்ட சொல்லின் அகலத்துக்குக் கீழே கட்டம் குறுகாதபடி அமைக்கலாம். ஜென் சிம்மன்ஸ் 2018இல் இத்தகைய அமைப்புக்கு 'உள்ளார்ந்த வடிவமைப்பு' என்னும் பொருளில் பெயரிட்டார். 2023 பிப்ரவரிக்குள் முதன்மை உலாவிகள் அனைத்தும் கொள்கல வினவலை ஏற்றன. பக்கத்தின் ஓர் உறுப்பு, திரை முழுவதன் அகலத்தை விடுத்துத் தனக்குக் கிடைத்த இடத்தின் அகலத்துக்கு ஏற்ப மாற இதனால் இயல்கிறது. நிலைத்த அகலத்தில் தொடங்கிய தேடல், மொழியின் சொல்லையே அளவுகோலாகக் கொள்ளும் நிலையை இவ்வாறு எட்டியுள்ளது.

9. முடிவுரை

அட்டவணைக் காலத்தில் அகலம் வடிவமைப்பாளருக்கு உரியதாக இருந்தது. துலங்கு வடிவமைப்பில் அது கருவிக்கு உரியதாயிற்று. 2017க்குப் பிந்தைய முறைகள் உரைக்கும் அதில் பங்கு தருகின்றன. வசதி இருப்பது ஒன்று, அது பயன்படுத்தப்படுவது வேறு. ஆங்கிலத்தில் வரைந்து முடித்த பொத்தானுக்குள் தமிழைப் பொருத்துமாறு கேட்கப்படும் மொழிபெயர்ப்பாளர், ஏவலின் மரியாதை விகுதியைக் கைவிட்டு 'சமர்ப்பி' என எழுதவோ, ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் தரவோ நேர்கிறது. இவ்வாறு நிலைபெறும் வழக்கு, மொழியின் தேவையால் எழுந்ததாகாது. பெட்டியின் அகலத்தால் எழுந்ததாகும்.

எனவே மொழிபெயர்ப்புப் பணிகளில் மூன்று நடைமுறைகள் விரும்பத்தக்கன. உரையோடு அது இடம்பெறும் பெட்டியின் மிகக் குறைந்த அகலமும் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். கலைச்சொற்பட்டியல்களில் சொல்லின் குறுவடிவமும் உடைக்கத்தக்க இடங்களும் இடம்பெற வேண்டும். இசைவு, மறுப்பு, நீக்கம் போன்ற செயல்களைக் குறிக்கும் பொத்தான்களில் இறுதியை வெட்டும் முறை தமிழுக்கு அறவே தவிர்க்கப்பட வேண்டும்; அவ்விடங்களில் உரை இரண்டாம் வரிக்கு இறங்க இடம் விடுவதே தக்கது.