கோலன் பகுப்பு முறையும் கணினிக் கோப்புகளும்

செஞ்சிக் கோட்டையில் எடுத்த ஒளிப்படத்தைக் கணினியில் எந்தக் கோப்புறையில் சேமிப்பது? ‘வரலாறு’, ‘விழுப்புரம் மாவட்டம்’, ‘கட்டடக்கலை’ ஆகிய மூன்றுமே பொருந்தும். ஒன்றில் வைத்தால், மற்ற இரண்டில் தேடுபவருக்கு அது கிடைக்காது. கணினிக்கு முன்பே நூலகங்களில் இச்சிக்கல் இருந்தது. அதற்குப் புதுவழி கண்டவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்.

நூலகத்தில் தொடக்கம்

கணித ஆசிரியரான ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த டூயி தசமப் பகுப்பு முறை (1876), அறிவுத்துறைகளை மரத்தின் கிளைகள்போலப் பிரித்தது. நூலுக்கு உரிய எண் பெரும்பாலும் முன்பே வகுத்த பட்டியலிலிருந்து வந்தது.

பயிற்சிக்காக இலண்டன் சென்ற ரங்கநாதன், ஒரு கடையில் ‘மெக்கானோ’ விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாகும். நூல் பேசும் செய்தியையும் இவ்வாறு கூறுகளாகப் பிரித்து இணைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அதன் விளைவே 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை. கூறுகளை இணைக்கும் முக்காற்புள்ளியே (கோலன்) இதற்குப் பெயராயிற்று. பின்னர் அவர் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படைக் கூறுகளை வகுத்தார்.

கணினியில்

அச்சு நூல் ஒரே அடுக்கில்தான் நிற்க முடியும். கணினிக் கோப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் 1965-இல் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கு முன்மொழியப்பட்ட கோப்பு முறை மரவடிவிலேயே அமைந்தது. பின்வந்த யூனிக்சும் அதையே பின்பற்றியது.

மாற்று முயற்சிகளும் நடந்தன. 1991-இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், கோப்பின் பண்புகளைக் கொண்டு தேடும் ‘பொருள்சார் கோப்பு முறை’யை வெளியிட்டனர். மைக்ரோசாப்ட் 2003-இல் அறிவித்த ‘வின்எப்எஸ்’ 2006-இல் கைவிடப்பட்டது. 2004-இல் வந்த ஜிமெயிலோ ஒரே மடலுக்குப் பல குறிச்சொற்கள் இட வழிசெய்தது.

ஒழுங்கின் தேவை

குறிச்சொல் இடுவது மட்டும் போதாது. ஒரு படத்துக்குச் ‘செஞ்சி’ என்றும் இன்னொன்றுக்கு ‘ஜிஞ்சி’ என்றும் இட்டால் இரண்டும் ஒன்றுசேரா. இடம், காலம், செய்தி என்னும் கூறுகளையும், ஒவ்வொன்றுக்கும் உரிய சொற்களையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது ரங்கநாதனின் நூலக விதிகளுள் நான்காவது. மாணவர்கள் தம் கோப்புகளுக்குப் பெயரிடும்போதும், பின்னாளில் அதைத் தேடப்போகிறவர் எந்தச் சொல்லைக்கொண்டு தேடுவார் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.