வறட்சியைத் தாங்கும் புல், கொல்கத்தா பால்கனியில் அழுகுவது ஏன்?

'தண்ணியே ஊத்த வேண்டாம்' என்று சொன்னதை நம்பி, நியூ டவுன் ஃபிளாட் பால்கனிக்கு அலங்காரப் புல் வாங்கியிருக்கிறீர்களா? கோடையில் அது தப்பித்துவிடும். சிக்கல் ஜூலையில்தான். கொல்கத்தாவில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை; பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். வறட்சியைத் தாங்கும் பல புற்களுக்கு வேரில் தண்ணீர் தேங்குவது ஆகாது.

அப்போ எதை வைக்கலாம்? நம்ம வெட்டிவேர்தான் சரி. இதன் ஆங்கிலப் பெயரே தமிழிலிருந்து போனது. காய்ச்சல், ஈரம் இரண்டையும் தாங்கும். வங்காளத்தில் 'பேனா' புல் என்று கேளுங்கள், எழுதுகிற பேனா இல்லை!

ஆனால் ஒரு விஷயம். நிலத்தில் இதன் வேர் 3 மீட்டர் வரை இறங்கும். வறட்சியைத் தாங்கும் சக்தி அங்கிருந்துதான் வருகிறது. தொட்டியில் அந்த ஆழம் ஏது? அதனால் ஒன்றரை அடி ஆழமாவது உள்ள தொட்டியில், மணல் கலந்த மண்ணில், தூரைப் பிரித்து நடுங்கள். நல்ல வெயில் படணும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் கட்டாயம். ஏப்ரல், மே மாதங்களில் மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்ததும் ஊற்றுங்கள். பிப்ரவரி கடைசியில் அரை அடி விட்டு வெட்டினால் புதுத் தளிர் வரும்.

மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிடுங்கள். அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். பூஜை லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போதும் ஒருமுறை பார்த்துடுங்க.