"திஸ்" யார்? ஒரு சின்னச் சொல்லின் வரலாறு

"நான் நாளைக்கு வர்றேன்" என்று ஒருவர் சொன்னால், "நான்" அவர்தான். அதையே தாளில் எழுதி இன்னொருவரை வாசிக்கச் சொன்னால்? வாசிப்பவர் "நான்" ஆகிவிடுவார். ஜாவாஸ்கிரிப்டின் "திஸ்" இப்படித்தான் நண்பர்களே.

நம்ம மரக்காணம் உப்பளத்தில் ஒரு பாத்தியை ஆப்ஜெக்டாக வைத்துக்கொள்வோம். உள்ளே "அளவு" என்று ஒரு எண், அதைக் கூட்ட "வாரு" என்று ஒரு மெதட். (தமிழில் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கும்!) பாத்தி.வாரு() என்று நேரடியாக அழைத்தால் அளவு கூடும். செட்டைம்அவுட்டிடம் பாத்தி.வாரு என்று மட்டும் கொடுத்தால் பங்ஷன் போகும், பாத்தி போகாது. "திஸ்" என்பது பிரவுசரின் விண்டோ ஆகிவிடும். பாத்தியில் உப்பு கூடாது, எர்ரரும் வராது. அதுதான் ஆபத்தே.

ஏன் இப்படி? 1995 மே மாதம் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இந்த மொழியின் முதல் வடிவத்தை எழுதினார். பங்ஷனைத் தனிப் பொருளாகப் பார்ப்பதை ஸ்கீமிலிருந்தும், புரோட்டோடைப்பை செல்ஃப் மொழியிலிருந்தும் எடுத்தார். ஆக, பங்ஷனுக்கு நிரந்தர முதலாளி இல்லை. அழைக்கும்போது புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பவரே அப்போதைய முதலாளி. 1991-இல் வெளிவந்த பைத்தானில் மெதடைத் தனியாக எடுத்தாலும் ஆப்ஜெக்ட் கூடவே வரும்.

பிறகு ஒட்டுப்போடும் காலம். 1999 டிசம்பரில் எக்மாஸ்கிரிப்ட் 3 கால், அப்ளை இரண்டையும் தரப்படுத்தியது. ஆனால் அவை உடனே அழைப்பவை. கால்பேக்காகக் கொடுத்துவைக்க உதவாது. புரோகிராமர்கள் "திஸ்"ஸை "தட்" என்ற வேரியபிளில் போட்டுச் சமாளித்தார்கள். 2005-இல் சாம் ஸ்டீபன்சனின் புரோட்டோடைப் லைப்ரரி "பைண்ட்" கொண்டுவந்தது: பங்ஷனோடு முதலாளியையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பது. நான்கு வருடம் கழித்து, 2009 டிசம்பரில், எக்மாஸ்கிரிப்ட் 5 அதை மொழிக்குள்ளேயே சேர்த்தது. அதோடு வந்த ஸ்ட்ரிக்ட் மோடில், முதலாளி இல்லாமல் அழைத்தால் "திஸ்" விண்டோ ஆகாது, அன்டிஃபைன்டாகவே இருக்கும். தப்பு உடனே தெரிந்துவிடும். 2015 ஜூனில் ஆரோ பங்ஷன் வந்தது. அதற்குச் சொந்த "திஸ்" கிடையாது. எழுதப்பட்ட இடத்தின் "திஸ்"தான்.

பழைய விதியை ஏன் மாற்றவில்லை? மாற்றினால் அதை நம்பி எழுதிய கோடி பக்கங்கள் உடையும். பத்து நாளில் எடுத்த முடிவு இன்றும் அப்படியே நிற்கிறது. அதனால் கால்பேக் கொடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: இதை அழைக்கப்போவது யார்?