அரை மணி நேரத்தின் வரலாறு

1963ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அன்று தொழிலாளர் தின விடுமுறை. ஹயானிஸ் போர்ட்டில் தன் குடும்ப வீட்டின் புல்வெளியில் அமர்ந்தபடி குடியரசுத் தலைவர் கென்னடி, சி.பி.எஸ். தொலைக்காட்சியின் வால்டர் கிராங்கைட்டுக்குப் பேட்டியளித்தார். வியட்நாம் பற்றிய கேள்விக்கு, அது இறுதியில் அந்த நாட்டு மக்களின் போர், வெல்வதோ தோற்பதோ அவர்கள் கையில்தான் இருக்கிறது என்னும் பொருள்பட அவர் சொன்ன பதிலைப் பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் பலமுறை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேட்டி ஒளிபரப்பானதற்கான உடனடிக் காரணம் வியட்நாம் அல்ல. அதுவரை பதினைந்து நிமிடமாக இருந்த சி.பி.எஸ்.ஸின் மாலைச் செய்தி அன்றுதான் முப்பது நிமிடமாக நீண்டது. புதிய அரை மணி நேரத்தின் முதல் விருந்தாளியாகக் குடியரசுத் தலைவரே வந்திருந்தார். அடுத்த திங்களன்று, செப்டம்பர் 9ஆம் தேதி, என்.பி.சி.யின் ஹண்ட்லி-பிரிங்க்லி செய்தியும் அரை மணியாக நீண்டபோது அங்கும் கென்னடியின் பேட்டி இடம்பெற்றது.

தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் வரலாறாகவும் முகங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. எந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி நிர்வாகக் குறிப்புகளுக்குள் புதைந்து கிடக்கிறது. என் பார்வையில், அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியின் ஆழத்தையும் மேலோட்டத்தையும் ஒருசேர விளக்கக்கூடியது அந்தக் கேள்விதான்.

தொடக்கத்தில் செய்திக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. 1948இல் சி.பி.எஸ்.ஸில் டக்ளஸ் எட்வர்ட்ஸ் வாசித்ததும், 1949இல் என்.பி.சி.யில் ஜான் கேமரூன் ஸ்வேஸி வாசித்ததும் கால் மணி நேரச் செய்திகளே. ஸ்வேஸியின் நிகழ்ச்சிக்கு ஒரு சிகரெட் நிறுவனம் புரவலர். 'கேமல் நியூஸ் கேரவன்' என்று நிகழ்ச்சியின் பெயரிலேயே சிகரெட்டின் பெயரும் சேர்ந்திருந்தது. செய்தி அன்று வானொலியின் பிள்ளை. தலைப்புகளை வாசிப்பார்கள். திரையரங்குகளில் காட்டப்படும் நியூஸ்ரீல் பாணியில் சில படத்துண்டுகள் ஓடும். அவ்வளவுதான்.

தீவிரமான இதழியலுக்கு இடம் வேண்டுமென்றால் அதை இரவின் பொழுதுபோக்கு நேரத்தில், அதாவது பிரைம் டைமில்தான் தேட வேண்டியிருந்தது. எட்வர்ட் மர்ரோவின் 'சீ இட் நவ்' அப்படித்தான் செவ்வாய் இரவுகளில் வந்தது. 1954ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி செனட்டர் மெக்கார்த்தியை அவருடைய சொந்தப் பேச்சுகளைக் கொண்டே அம்பலப்படுத்திய நிகழ்ச்சி இதுதான். அதற்கு முடிவுகட்டியது மெக்கார்த்தி அல்ல, ஒரு வினாடி வினா. 1955 ஜூனில் 'அறுபத்து நான்காயிரம் டாலர் கேள்வி' என்னும் பரிசுப் போட்டி, மர்ரோவின் நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாடே அதைப் பார்த்தது. அப்படிப்பட்ட நிகழ்ச்சியை அடுத்து வரும் அரை மணிக்கு விளம்பரச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பது நிர்வாகத்துக்கு உடனே விளங்கிவிட்டது. மர்ரோவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அந்த ஆண்டே 'சீ இட் நவ்' தன் வாராந்தர நேரத்தை இழந்து, அவ்வப்போது வரும் சிறப்பு நிகழ்ச்சியாகச் சுருங்கியது. 1958இல் நின்றும் போனது. அவ்வாண்டு அக்டோபரில் சிகாகோவில் செய்தி இயக்குநர்கள் கூடிய அவையில் மர்ரோ ஆற்றிய உரை புகழ்பெற்றது. இரவு எட்டு மணி முதல் பதினொன்று வரை நாட்டின் திரைகளில் ஓடுவது உலகின் உண்மைகளிலிருந்து தப்பி ஓடும் முயற்சி என்று அவர் அங்கே குற்றம் சாட்டினார். அவருடைய புகார் நிகழ்ச்சிகளைப் பற்றியது மட்டுமன்று, அது நேரத்தைப் பற்றியதும்கூட என்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்தி பிரைம் டைமுக்குள் நுழைய முடியாமல் போனது. ஆகவே அதன் வாசற்படியில் தன் இடத்தைப் பெரிதாக்கிக்கொண்டது. 1963இன் அரை மணி நேரத்தை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். மாற்றம் நிகழ்ந்து மூன்று மாதம் முடிவதற்குள் டாலஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாட்கள் மூன்று நெட்வொர்க்குகளும் விளம்பரங்களை நிறுத்திவிட்டு அந்தத் துயரத்தை ஒளிபரப்பின. பிறகு அலபாமாவின் தெருக்களும் வியட்நாமின் நெல்வயல்களும் அதே அரை மணிக்குள் வந்து சேர்ந்தன. கால் மணியில் ஒரு நிருபர் களத்திலிருந்து கதை சொல்ல இடமில்லை. அரை மணியில் அது முடிந்தது. மூன்றாவது நெட்வொர்க்கான ஏ.பி.சி. 1967 ஜனவரியில்தான் அரை மணிக்கு மாறியது.

ஏன் ஒரு மணி நேரமாக வளரவில்லை? இங்கேதான் அமெரிக்க ஒளிபரப்பின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். நெட்வொர்க் என்பது நிகழ்ச்சிகளை வழங்கும் நிறுவனம். நிகழ்ச்சியை வீட்டுக்குக் கொண்டுவருவது அந்தந்த ஊரின் நிலையம். அன்றைய சட்டப்படி ஒரு நிறுவனம் ஐந்து வி.எச்.எஃப். நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு நெட்வொர்க்கும் பிறருக்குச் சொந்தமான சுமார் இருநூறு இணைப்பு நிலையங்களை நம்பியிருந்தது. நெட்வொர்க் நிகழ்ச்சி ஓடும்போது விளம்பர வருவாயின் பெரும்பகுதி நெட்வொர்க்குக்குப் போகும். உள்ளூர் நேரத்தின் வருவாய் பெரும்பாலும் நிலையத்துக்கே. மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட பொழுது இருவரும் உரிமை கொண்டாடும் வரப்பாக இருந்தது. நாட்டின் செய்தி அந்த வரப்பின்மேல் உட்கார்ந்திருந்தது.

1970இல் இந்த வழக்கில் அரசு தலையிட்டது. கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., 'பிரைம் டைம் அணுக்க விதி' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. நாட்டின் முதல் ஐம்பது பெரிய சந்தைகளில், மாலை ஏழு முதல் பதினொன்று வரையிலான நான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் நெட்வொர்க் நிகழ்ச்சிகளை இணைப்பு நிலையங்கள் ஒளிபரப்பக் கூடாது. நோக்கம் உயர்வானது. மூன்று நெட்வொர்க்குகளின் பிடியிலிருந்து ஒரு துண்டு நேரத்தை விடுவித்தால் சுயேச்சையான தயாரிப்பாளர்களும் உள்ளூர்ப் படைப்பாளிகளும் அதில் புதியவற்றை விதைப்பார்கள் என்று ஆணையம் நம்பியது. 1971 இலையுதிர் பருவத்தில் விதி நடைமுறைக்கு வந்தது. ஏழரை மணிக்குத் தொடங்கிவந்த பிரைம் டைம், எட்டு மணிக்குத் தள்ளிப்போனது.

விதைத்தது ஒன்று, முளைத்தது வேறொன்று. விடுவிக்கப்பட்ட அந்த அரை மணியில் உள்ளூர்ப் பண்பாடு பூக்கவில்லை. மலிவாகத் தயாரிக்கக்கூடிய, பல நிலையங்களுக்கு ஒரே நேரத்தில் விற்கக்கூடிய பரிசுப் போட்டிகள் அதில் குடியேறின. நகர்ப்புற இளைஞர்களைக் கவர விரும்பி நெட்வொர்க்குகள் கைவிட்ட 'ஹீ ஹா', லாரன்ஸ் வெல்க்கின் இசை நிகழ்ச்சி போன்றவை இந்த வழியாகத் திரும்பி வந்து பல ஆண்டுகள் ஓடின. 1980களில் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்', 'ஜெப்பர்டி' இரண்டும் இந்த நேரத்தின் முடிசூடா மன்னர்களாயின. மர்ரோவைத் துரத்திய வினாடி வினா இப்போது செய்தியின் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிட்டது.

அதே விதி இன்னொரு திசையில் எதிர்பாராத நன்மையும் செய்தது. திருத்தப்பட்ட விதியில் பொதுநல நிகழ்ச்சிகளுக்கும் சிறுவர் நிகழ்ச்சிகளுக்கும் விலக்கு இருந்தது. 1968இல் தொடங்கி நிலையான நேரம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த '60 மினிட்ஸ்' நிகழ்ச்சியை, சி.பி.எஸ். 1975 டிசம்பரில் ஞாயிறு மாலை ஏழு மணிக்குக் கொண்டுவந்தது. பொழுதுபோக்கு நுழைய முடியாத நேரத்தில் விசாரணை இதழியல் வந்து அமர்ந்தது. 1979-80 பருவத்தில் அமெரிக்காவிலேயே மிக அதிகம் பேர் பார்த்த நிகழ்ச்சி அதுதான். செய்தியை மக்கள் விரும்புவதில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்ததற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை. அவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அது தரப்படவில்லை என்பதே உண்மை.

அரை மணியின் போதாமையைச் செய்தியாளர்களே நன்கறிந்திருந்தார்கள். விளம்பரம் போக எஞ்சுவது இருபத்திரண்டு நிமிடம். சி.பி.எஸ்.ஸின் செய்திப்பிரிவுத் தலைவராக இருந்த ரிச்சர்ட் சாலண்ட், ஒருநாள் செய்தியின் முழு எழுத்துருவையும் 'நியூயார்க் டைம்ஸ்' முகப்புப் பக்க அமைப்பில் அச்சுக்கோத்துப் பார்க்கச் செய்தார். அது ஒரு பக்கத்தைக்கூட நிறைக்கவில்லை.

இந்த நெருக்கடி எந்த அளவுக்கு அரசியலானது என்பதற்கு 1972 அக்டோபர் சாட்சி. தேர்தலுக்குப் பத்து நாட்களே இருந்தன. வாட்டர்கேட் விவகாரத்தைப் பெரும்பாலும் 'வாஷிங்டன் போஸ்ட்' மட்டுமே பின்தொடர்ந்துகொண்டிருந்தது. நூல்நூலாகச் சிக்கிக் கிடந்த கதையைத் தொலைக்காட்சியில் சொல்ல முடியாது என்பதே பொதுக் கருத்து. அக்டோபர் 27ஆம் தேதி கிராங்கைட் தன் இருபத்திரண்டு நிமிடங்களில் ஏறத்தாழ பதினான்கை அதற்கே ஒதுக்கினார். மாலைச் செய்தியில் கேள்விப்பட்டிராத துணிவு அது. வெள்ளை மாளிகையிலிருந்து சார்லஸ் கோல்சன், நெட்வொர்க்கின் தலைவர் வில்லியம் பேலியைத் தொலைபேசியில் அழைத்துக் கொதித்தார். இரண்டாம் பகுதியும் கிட்டத்தட்ட அதே நீளம் வருவதாக இருந்தது. அக்டோபர் 31ஆம் தேதி அது ஒளிபரப்பானபோது சுமார் எட்டு நிமிடமாகக் குறைந்திருந்தது. நிக்சன் நவம்பரில் பெருவெற்றி பெற்றார் என்பது வேறு செய்தி. அந்தத் தொலைபேசி அழைப்பு நமக்குச் சொல்வது ஒன்றுண்டு. செய்தியைத் தடுக்க வேண்டியதில்லை, அதன் நிமிடங்களைக் குறைத்தால் போதும் என்று அதிகாரத்துக்குத் தெரிந்திருந்தது.

1976இல் நெட்வொர்க்குகள் மாலைச் செய்தியை நீட்டிக்க வெளிப்படையாகவே முயன்றன. அவ்வாண்டு பெரும் ஊதியத்தில் பார்பரா வால்டர்ஸை ஏ.பி.சி. அழைத்துக்கொண்டபோது நீண்ட செய்தி வரும் என்ற எதிர்பார்ப்பும் உடனிருந்தது. இணைப்பு நிலையங்கள் மறுத்துவிட்டன. தங்கள் உள்ளூர்ச் செய்தியும் பரிசுப் போட்டியும் ஈட்டித்தந்த வருவாயை வாஷிங்டன் செய்திக்காக விட்டுக்கொடுக்க அவை தயாராக இல்லை. 1980களின் தொடக்கத்தில் மீண்டும் கேட்டபோதும் அதே பதில்தான். இதில் உள்ள முரண் கசப்பானது. நெட்வொர்க்கின் ஆதிக்கத்திலிருந்து உள்ளூரைக் காக்க வந்த விதி, நாட்டுச் செய்தி வளரக்கூடிய ஒரே நிலத்தை விலைமதிப்புள்ள மனையாக்கிவிட்டது. விளம்பரத்தை நம்பாத பொது ஒளிபரப்பான பி.பி.எஸ். மட்டுமே 1983 செப்டம்பரில் மெக்நீல்-லேரர் செய்தியை ஒரு மணி நேரமாக்க முடிந்தது.

வழி அடைபட்ட நீர் வேறிடத்தில் கசிந்தது. 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணையாகப் பிடிக்கப்பட்டபோது, உள்ளூர் இரவுச் செய்தி முடிந்த பிறகு, பதினொன்றரை மணிக்கு, ஏ.பி.சி. நாள்தோறும் ஒரு சிறப்பு நிகழ்ச்சியைத் தொடங்கியது. நெருக்கடி முடியவில்லை, நிகழ்ச்சியும் முடியவில்லை. 1980 மார்ச்சில் அதற்கு 'நைட்லைன்' என்று பெயரிட்டார்கள். ஜூன் 1ஆம் தேதி சி.என்.என். பிறந்தது. செய்திக்கு ஒரு நேரம் என்பதே அங்கே இல்லை.

அணுக்க விதி 1996 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. நெட்வொர்க்குகள் அந்த அரை மணியைத் திரும்பக் கேட்கவில்லை. கால் நூற்றாண்டில் வழக்கம் சட்டத்தைவிட உறுதியாகிவிட்டிருந்தது. நிலையங்களின் வலிமை 2009இல் மீண்டும் வெளிப்பட்டது. செலவைக் குறைக்க எண்ணிய என்.பி.சி., வார நாட்களில் இரவு பத்து மணி நாடகங்களை நீக்கிவிட்டு ஜே லெனோவின் பேச்சு நிகழ்ச்சியை வைத்தது. பார்வையாளர்கள் விலகினார்கள். அதைவிட, பத்து மணிக்கு விலகியவர்கள் பதினொரு மணி உள்ளூர்ச் செய்திக்கும் திரும்பவில்லை. நிலையங்கள் கொதித்தெழ, செப்டம்பரில் தொடங்கியது 2010 பிப்ரவரியில் முடிந்தது. ஒரு செய்தி அறிக்கையின் வாழ்வு அதன் தரத்தைவிட அதற்கு முன்னால் ஓடும் நிகழ்ச்சியைச் சார்ந்திருக்கிறது. 1955இல் மர்ரோ கற்ற பாடத்தின் மறுபக்கம் இது.

மூன்று நெட்வொர்க்குகளின் மாலைச் செய்தி 1960களில் நீண்ட அதே அரை மணியாகத்தான் இன்றும் இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் சோவியத் ஒன்றியம் மறைந்தது. கேபிளும் இணையமும் கைபேசியும் வந்தன. தனக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய செய்தியைப் பெறும் இன்றைய மனிதனுக்கு இந்தச் சண்டைகள் விளங்காமல் போகலாம். ஆனால் அந்த அரை மணிக்கு ஒரு குணம் இருந்தது. தான் கேட்க விரும்பாத செய்தியையும் ஒருவன், அதே நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த கோடிக்கணக்கானோருடன் சேர்ந்து கேட்க வேண்டியிருந்தது. அந்த அரை மணியை நீட்டிக்கப் போராடியவர்கள் தோற்றார்கள். இன்று நேரத்துக்குத் தட்டுப்பாடே இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் செய்திக்கே கிடைக்கிறது. அவர்கள் கேட்டது அதைத்தானா என்று மர்ரோவிடமோ சாலண்ட்டிடமோ கேட்டுப் பார்க்க வழியில்லை.